பெட்ஷீட் டென்ட் போட்டுப் பேச்சுப் பயிற்சி: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

நிலாமுற்றம் (கோவை) | மே 3, இரவு 10:40

வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம் ஆகிறது. இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் பேசுவான். "தண்ணி குடு", "அப்பா ஆபீஸ்", அவ்வளவுதான். காது பரிசோதனை முடித்துவிட்டோம், கேட்பதில் குறை இல்லை. வாரம் ஒரு நாள் ஸ்பீச் தெரபி போகிறோம். லீவு விட்டதும் தெரபிஸ்ட், "வீட்டில் ஏதாவது ஒரு தீம் எடுத்துத் தினமும் விளையாடுங்கள்" என்றார்.

நெட்டில் தேடியபோது கேம்பிங் தீமில் 40 படக் கார்டுகள் கிடைத்தன. கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட்டும் செய்தேன். குச்சியில் குத்திய மார்ஷ்மெல்லோ, ரக்கூன், தூங்கும் பை, கேம்ப் ஃபயர் என்று அழகழகான படங்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது என்ன, சொல்லு" என்றாலே எழுந்து ஓடுகிறான். மூன்றாம் நாள் அவனைச் சத்தம் போட்டுவிட்டேன். அவன் அழுதான், நானும் அழுதேன்.

கேம்பிங் விளையாட்டை வைத்துப் பேச்சு வரவைத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை, பேச்சுப் பயிற்சியாளர்) | மே 4, காலை 6:55

சகோதரி, அழ வேண்டாம். இந்தத் தொழிலில் 14 வருடம் ஆகிறது. லேமினேட் செய்த கார்டோடு வந்து உட்கார்ந்து கண் கலங்கிய அம்மாக்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவனை நேரில் பார்த்து வரும் உங்கள் தெரபிஸ்ட் சொல்வதுதான் முதலில். நான் சொல்வதை அவரிடமும் காட்டுங்கள்.

கார்டுகளை எடுத்து மேலே வையுங்கள். ரக்கூனை அவன் பார்த்ததில்லை, மார்ஷ்மெல்லோவைத் தின்றதில்லை. அதோடு, "இது என்ன?" என்று நீங்கள் கேட்கும்போது உங்களுக்கே விடை தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்த உங்களிடம் அவன் எதற்காகச் சொல்ல வேண்டும்?

டென்ட் விளையாட்டு பேச்சுக்கு உதவுவது வேறு ஒரு காரணத்தால். அங்கே ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும். ஏதாவது காணாமல் போகும், இருட்டும், கொசு கடிக்கும், கயிறு அவிழும். ஒவ்வொன்றுக்கும் அவன் யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும்.

இன்று சாயங்காலம் வெயில் தணிந்ததும் மொட்டை மாடிக்குப் போங்கள். துணிக் கொடியில் ஒரு பழைய சேலையைப் போட்டு, இரண்டு பக்கமும் செங்கல் வைத்தால் டென்ட் தயார். உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, டார்ச், தூக்குவாளியில் வறுத்த கடலை. இவ்வளவு போதும். அப்புறம் சின்னச் சின்னத் தடைகள் வையுங்கள். டார்ச்சில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். தூக்குவாளி மூடியை இறுக்கிவிடுங்கள். பாயைக் கொடுத்துவிட்டுத் தலையணையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேசாமல் அவன் முகத்தையே பாருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெற்றோருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். மூன்று எண்ணுவதற்குள் நாமே "என்னடா வேணும், டார்ச்சா?" என்று கேட்டுவிடுவோம். அந்தக் கேள்வி அவன் வாயில் இருந்த வார்த்தையை நாம் பறித்துக்கொள்வது மாதிரி.

அவன் "டார்ச்" என்று சொன்னால், நீங்கள் ஒரு வார்த்தை கூட்டி "டார்ச் எரியல" என்று சொல்லுங்கள். "டார்ச் எரியல" என்று அவனே சொன்னால், "டார்ச் எரியல, பேட்டரி இல்ல". திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். காதில் விழுந்தால் போதும். 20 நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

நிலாமுற்றம் | மே 5, இரவு 9:15

செய்தோம்! சேலையைப் பார்த்ததுமே உள்ளே ஓடிவிட்டான். பேட்டரி இல்லாத டார்ச்சை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தான். நான் எண்ணினேன், எட்டில் வாயைத் திறந்தான்: "அம்மா, லைட் வல்ல." வரல என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். ஒரு பொருள் இல்லை என்று அவனாக வந்து என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. இதுவரை கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான்.

ஒரு சந்தேகம். என் அம்மா (அவனுக்கு அம்மிச்சி) தினமும் விசில், பலூன், மெழுகுவர்த்தி எல்லாம் ஊதச் சொல்கிறார். கேம்ப் ஃபயர் மாதிரி மெழுகுவர்த்தி வைத்து ஊதவிட்டால் நாக்கு பலப்பட்டுப் பேச்சு வரும் என்கிறார். செய்யலாமா?

கீழவாசல் (தஞ்சாவூர்) | மே 5, இரவு 11:02

நாங்கள் போன ஒரு மையத்தில் என் மகளுக்கு ஆறு மாதம் அதைத்தான் செய்தார்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, பஞ்சு ஊதுவது, நாக்கை மூக்குவரை நீட்டுவது. பலூனை நன்றாக ஊதினாள், பேச்சு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் எல்லா இடத்திலும் இதைச் செய்யச் சொல்கிறார்களே, அப்படியானால் ஏதோ பலன் இருக்கத்தானே வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை | மே 6, காலை 7:20

இதில் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கு நாக்கில் பெரிய பலம் தேவையில்லை. வேகமும் துல்லியமும்தான் தேவை. பலூன் ஊதும்போது உதடும் கன்னமும் மூச்சும் வேலை செய்கிற விதம் வேறு, "ப" என்று சொல்லும்போது வேலை செய்கிற விதம் வேறு. சைக்கிள் ஓட்டக் கற்க சைக்கிளில்தான் ஏற வேண்டும், தொடைக்கு உடற்பயிற்சி செய்தால் வராது. ஊதுவதும் நாக்கை நீட்டுவதும் பேச்சு ஒலியைத் திருத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று பல ஆண்டுகளாகவே எங்கள் துறையில் சொல்லி வருகிறார்கள். அண்ணப்பிளவு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கும் ஊதல் பயிற்சி பேச்சை மாற்றுவதில்லை. மென்று விழுங்கவே சிரமப்படும் குழந்தைகள், தசை பலவீனம் உள்ளவர்கள் விஷயம் வேறு, அதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூர் சகோதரி, ஆறு மாதம் போனது உங்கள் தவறு அல்ல. பழைய பழக்கம் எளிதில் போவதில்லை, அவ்வளவுதான்.

அம்மிச்சியைத் தடுக்க வேண்டாம். விளையாட்டாக ஊதட்டும், ஆனால் வார்த்தையோடு ஊதட்டும். நெருப்பு இல்லாமல் பேட்டரி மெழுகுவர்த்தியோ, சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோ வைத்துக்கொள்ளுங்கள். "ஊது", "அணைஞ்சு போச்சு", "ஐயோ இருட்டு", "திரும்பவும்", "இப்ப அம்மிச்சி ஊதட்டும்". முறை மாற்றிக் காத்திருப்பதும் பேச்சின் ஒரு பகுதி. பலன் மூச்சிலிருந்து வரவில்லை, அந்த வார்த்தைகளிலிருந்து வருகிறது.

பழைய கரும்பலகை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம்) | மே 6, மாலை 5:30

நான் பயிற்சியாளன் இல்லை. ஆனால் தாமதமாகப் பேசத் தொடங்கிய பேரனை வளர்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

வகுப்பில் இரட்டைக்கிளவி நடத்தும்போது அது குழந்தைகளுக்கான சரக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பேரனோடு மொட்டை மாடியில் படுத்தபோதுதான் புரிந்தது. நட்சத்திரம் மினுமினு, மழை சடசட, இலை சலசல, கடலை கமகம, டார்ச் பளபள. ஒரே துண்டு இரண்டு முறை வருகிறது. நாக்குக்குச் சுமை குறைவு, காதுக்கோ இனிப்பு. அவன் "நட்சத்திரம்" என்று சொல்லும் முன்பே ஒரு வருடம் வானத்தைக் காட்டி "மினுமினு" என்றுதான் சொன்னான். அதுவும் சொல்தானே? நாங்கள் அதை ஏற்றுக்கொண்டு, "ஆமாம், நட்சத்திரம் மினுமினுக்குது" என்று சொல்லி வந்தோம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு டென்டுக்குள் விடுகதை போடுங்கள். "பகலில் சுருண்டு கிடப்பான், இரவில் விரிந்து கிடப்பான்" என்று சொல்லிவிட்டு, அவன் படுத்திருக்கும் பாயையே தடவிக் காட்டுங்கள். "வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத் தொப்பி" என்றால் தீக்குச்சி. ஒரு பொருளை அதன் பெயரைச் சொல்லாமல் விவரிப்பது எவ்வளவு பெரிய மொழித் திறன்! பிறகு அவனையே ஒரு விடுகதை போடச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகத்தான் போடுவான். அதுதான் வேண்டும்.

வைகைக்கரை | மே 6, இரவு 8:10

ஐயா, வணக்கம். மினுமினுவில் வரும் "ம", "ன" இரண்டும் குழந்தைகளுக்குச் சீக்கிரம் கைவரும் ஒலிகள். நாளையே என் அறையில் இதை எழுதி ஒட்டிவிடுவேன்.

குற்றாலச்சாரல் (தென்காசி) | மே 8, மதியம் 1:48

என் மகளுக்கு ஆறு வயது. நன்றாகப் பேசுவாள், ஆனால் "மழை"யை "மலை" என்கிறாள். "பழம்" அவளுக்குப் "பலம்". "புளி"யும் "புலி"தான். டென்ட் விளையாட்டில் இதற்கு ஏதாவது வழி உண்டா? பள்ளியில் ழகரம் வரவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

வைகைக்கரை | மே 8, இரவு 9:36

முதலில் ஒரு கேள்வி. வீட்டில் நீங்களும் அவள் அப்பாவும் "மழை"யை எப்படிச் சொல்வீர்கள்?

குற்றாலச்சாரல் | மே 8, இரவு 9:50

நாங்கள் எல்லோரும் "மளை" என்றுதான் சொல்வோம்.

வைகைக்கரை | மே 8, இரவு 10:25

அதற்காகத்தான் கேட்டேன். தென் மாவட்டங்களில் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும். சென்னையில் சிலர் வாயில் அதுவே யகரமாகும். இது வட்டார வழக்கு, குறை அல்ல, சிகிச்சையும் தேவையில்லை. பள்ளிக்காக ழகரம் பழகலாம், அது மொழிப் பாடம். உங்கள் மகளுக்கு உண்மையில் வராதது ளகரம். அதிலிருந்து தொடங்குங்கள்.

மாடியில் டென்டுக்கு ஒரு பக்கம் புலிப் படம், இன்னொரு பக்கம் ஒரு கிண்ணத்தில் புளி வையுங்கள். அவள் டென்டுக்குள் இருந்து உத்தரவு போடட்டும், நீங்கள் வெளியே வேலைக்காரர். "புலி" என்றால் புலிப் படத்தைக் கொண்டுவந்து உறுமுங்கள். சமையலுக்குப் புளி கேட்க நினைத்து "புலி" என்றாலும் புலிதான் வர வேண்டும். திட்டாமல், "அடடா, புலி வந்துடுச்சே!" என்று திகைத்து நில்லுங்கள். ஒலி மாறினால் பொருள் மாறுகிறது என்பது அவளுக்கே உறைக்கும். வால், வாள், பல்லி, பள்ளி என்று அப்படியே தொடரலாம்.

நாக்கு வைக்கும் இடத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள். லகரத்துக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ளகரத்துக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்தில் வளையும், ஆனால் தொடாது. அதனால்தான் அது குழந்தைகளுக்குத் தாமதமாக வருகிறது. ளகரம் நிலைத்த பிறகு, தண்ணீர் தெளிப்பானை வைத்துக்கொண்டு மலை, மழை ஆடுங்கள். "மழை" என்று சரியாக வந்தால் அப்பா தலையில் தெளிக்கலாம். இந்த மே மாத வெயிலுக்கு அப்பாவும் மறுக்க மாட்டார்.

பனையடி (யாழ்ப்பாணம்) | மே 9, காலை 6:30

எங்கட பக்கத்திலும் கதைக்கும்போது ழகரம் ளகரம்தான். என்ர மூத்த மகளுக்கு இதையே குறையாகச் சொல்லி, மூன்றாம் வகுப்பில் பிள்ளை வாய் திறக்கவே பயந்தவள். அம்மம்மா கதைக்கிற தமிழைப் பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு, பிறகு அவளைக் கதை கதை என்றால் எப்படிக் கதைப்பாள்? மேலே எழுதினதைப் படிக்க மனம் ஆறுது. நன்றி.

மேப்பிள்சருகு (டொராண்டோ) | மே 11, காலை 8:05

நாங்கள் இங்கே ஒவ்வொரு கோடையிலும் அல்கான்குவின் பூங்காவில் உண்மையாகவே டென்ட் போட்டுத் தங்குவோம். 1893 முதல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிற காடு அது. எங்கள் மகனுக்கு மார்ஷ்மெல்லோ அந்நியமில்லை, ரக்கூன் எங்கள் குப்பைத்தொட்டிக்கே வரும். ஆகவே அந்தக் கார்டுகள் பிறந்த இடத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

அவனுக்கு மொழி வளர்ச்சித் தாமதம் என்று தெரிந்தபோது, உறவினர்கள் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். தெரபிஸ்ட் தமிழே அறியாதவர். ஆனாலும் வீட்டு மொழியை விட வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். இரண்டு மொழி கேட்பதால் தாமதம் உண்டாவதில்லை என்று விளக்கினார். பாட்டியோடு பேச முடியாத பிள்ளையாக அவன் வளராததற்கு அவருக்கு என்றும் நன்றி சொல்வேன்.

நாங்கள் கண்டுகொண்டது இதுதான்: கேம்பிங் போவதற்கு முந்தின நாளும், திரும்பி வந்த மறுநாளும்தான் பேச்சு அதிகம் வருகிறது. மூட்டை கட்டும்போது எல்லாம் எதிர்காலம். "டார்ச் எடுப்பேன், பாட்டிக்குப் போர்வை எடுப்போம்." அங்கே போனால் நிகழ்காலம். திரும்பி வந்து போனில் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது இறந்தகாலம். "ஏரியில குளிச்சோம், அப்பா வழுக்கி விழுந்தாங்க." தமிழில் வினையின் வாலில் காலமும் ஆளும் சேர்ந்தே வருவதால், எடுப்பேன், எடுக்கிறேன், எடுத்தேன் மூன்றையும் ஒரே பயணத்தில் பலமுறை கேட்டுவிடுகிறான்.

இன்னொன்று, கரடி. இங்கே டென்டுக்குள் உணவு வைக்கக் கூடாது, காருக்குள் பூட்டிவிட வேண்டும். ஏன் என்று ஒவ்வொரு இரவும் கேட்டான். ஒரு நாள் தங்கைக்கு அவனே விளக்கினான்: "உள்ள வச்சா கரடிக்கு வாசம் தெரியும், அதனால கார்ல வைக்கணும்." "அதனால" வந்த அந்த இரவை நான் மறக்கவில்லை. மாடியில் கரடி வராது, ஆனால் எறும்பு வருமே. கடலை சிந்தினால் எறும்பு வரும், அதனால் தூக்குவாளியை மூடணும். அது போதும்.

சிறகடி (சென்னை) | மே 12, மதியம் 3:20

காது கேட்கும் கருவியோ, அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்டோ வைத்திருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. என் மகளுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளான்ட் வைத்தோம். இருட்டு டென்ட் அவளுக்கு விளையாட்டாக இல்லை, தனிமையாக இருந்தது. முகம் தெரியாவிட்டால் உதடு தெரியாது, பாதிப் பேச்சு போய்விடுகிறது. இப்போது டார்ச்சை அவள் முகத்தில் அடிக்காமல், பேசுகிறவர் முகத்தில் படும்படி வைக்கிறோம். "பேசுறவங்க கையில டார்ச்" என்பது எங்கள் வீட்டு விதி. டார்ச் கை மாறும்போது முறையும் மாறுகிறது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசுவதில்லை. தண்ணீர் தெளிக்கும் விளையாட்டு என்றால் கருவி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியும் வேண்டாம், அந்த இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும்.

வேப்பநிழல் (சேலம்) | மே 13, இரவு 10:58

என் பையனுக்கு ஆட்டிசம், வயது ஏழு, வாயால் பேசுவதில்லை. இங்கே எல்லோரும் "பேச்சு வந்தது" என்று எழுதும்போது மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. நாங்கள் டேப்லெட்டில், படத்தை அமுக்கினால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் ஆவாஸ் செயலி வைத்திருக்கிறோம். சென்னையில் உருவானது, தமிழிலும் உண்டு. டென்டுக்குள் அதை எடுத்துச் செல்லலாமா, அல்லது அது வாய்ப்பேச்சைத் தடுக்குமா?

வைகைக்கரை | மே 14, காலை 6:40

கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். படத்தை அமுக்கிப் பேசினால் வாய்ப்பேச்சு நின்றுவிடும் என்பது வீண் பயம். அது தடையாவதில்லை, பல குழந்தைகளுக்கு உதவியாகத்தான் இருக்கிறது. அவன் அமுக்குவதும் பேச்சுத்தான் சகோதரி. நீங்களும் பேசும்போது அதையே அமுக்கிக் காட்டுங்கள், அவனை மட்டும் அமுக்கச் சொல்ல வேண்டாம். பொருட்களின் பெயரை மட்டும் வைக்காமல் "இன்னும்", "போதும்", "வேண்டாம்", "வெளியே" நான்கையும் முன்பக்கத்திலேயே வையுங்கள். அவன் "வெளியே" என்றால் அந்த நொடியே சேலையைத் தூக்கிவிடுங்கள், அது முதல் நிமிடமாக இருந்தாலும் சரி. சில குழந்தைகளுக்கு நைலான் துணியின் சரசரப்பே தாங்காது. பருத்திச் சேலை நல்லது.

கீழவாசல் | மே 14, இரவு 9:12

நல்ல பயிற்சியாளரை எப்படித் தேடுவது? ஒருமுறை சூடுபட்டுவிட்டதால் கேட்கிறேன்.

வைகைக்கரை | மே 14, இரவு 9:45

இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இருக்க வேண்டும். செலவு கடினம் என்றால் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தை விசாரியுங்கள், பிறந்தது முதல் 18 வயது வரை இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் பயிற்சியின்போது உங்களையும் அறைக்குள் உட்காரவிடச் சொல்லுங்கள். வாரத்தில் மீதி ஆறு நாளும் பயிற்சியாளர் நீங்கள்தான்.

நிலாமுற்றம் | மே 27, இரவு 10:20

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தினமும் முடியவில்லை, வாரத்துக்கு நாலைந்து நாள் டென்ட் போட்டோம். இடையில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் போயிற்று. அப்போது கட்டிலுக்கு அடியிலேயே டென்ட் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

நிறைய மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் பெரும்பாலும் இரண்டு வார்த்தைதான். ஆனால் மூன்று வார்த்தையும் வருகிறது: "அம்மிச்சி கடலை குடு", "கொசு கால்ல கடிக்குது". "கால்ல" என்று உருபோடு சொன்னதைக் கவனித்த என் தெரபிஸ்ட் நோட்டில் எழுதிக்கொண்டார். முன்பு "கொசு கால்" என்றுதான் சொல்லியிருப்பான்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். அவனும் அம்மிச்சியும் உள்ளே இருந்தார்கள். நானும் அவன் அப்பாவும் வெளியே. நான் சேலையைத் தூக்கி உள்ளே தலையை நீட்டினேன். அவன் கையால் தள்ளிவிட்டு, "நாங்க உள்ள. நீங்க வெளிய" என்றான். "நாங்க" என்ற சொல்லை அவன் வாயில் நான் கேட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் தன் பெயரைத்தான் சொல்வான். வைகைக்கரை அண்ணா, இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வைகைக்கரை | மே 28, காலை 6:35

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், சகோதரி. இனி "நாம"வுக்கு வழி செய்யுங்கள். கேட்பவரையும் சேர்த்தால் "நாம", சேர்க்காவிட்டால் "நாங்க". நம் மொழி இதைப் பிரித்து வைத்திருப்பது டென்டுக்கு ரொம்பப் பொருத்தம். அவனும் அம்மிச்சியும் உள்ளே இருக்கும்போது நீங்கள் வெளியிலிருந்து தண்ணீர் தெளியுங்கள், மழை என்று சொல்லுங்கள். "நாங்களும் வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். அவன் உள்ளே விட்டதும், நெருக்கி உட்கார்ந்து "இப்ப நாம எல்லாரும் உள்ள" என்று நீங்கள் சொன்னால் போதும். அவனைச் சொல்லச் சொல்ல வேண்டாம்.

நிலாமுற்றம் | மே 28, இரவு 9:58

இன்று தெளித்தேன். ஏழு எண்ணியபோது சேலை தூக்கியது. "அம்மா வா. அப்பா வா. நனையும்" என்றான். "நாம" இன்னும் வரவில்லை. நால்வருக்கும் உள்ளே இடம் போதவில்லை, நாளைக்கு இன்னொரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.